மரத்தை விட்ட கை

போன வருடம் ஓணம் லீவில் நடந்தது இது. இடம் இடுக்கி மலை. வண்டன்மேட்டிலிருந்து கொஞ்ச நேரம் வண்டியில் போனால் ஒரு சாகசப் பூங்கா இருக்கிறது. பெரிய மரங்களுக்கு நடுவில் கம்பி கட்டி, கயிற்றுப் பாலம் போட்டு, மரத்துக்கு மரம் ஆட்களை நடக்க விடுவார்கள். கடைசி மரத்திலிருந்து ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டு சர்ரென்று கீழே வந்துவிடலாம். அதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதே மலையில் மரம் ஏறியதற்கு நான் கூலி வாங்கியவன்.

அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே எருத்தேன்பதிப் பக்கம். ஏழாம் வகுப்பு பாதியில் இருக்கும்போது எங்கள் ஊருக்கு ஒரு போர்வெல் லாரி வந்தது. அது திரும்பிப் போனபோது நானும் அதில் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் யாரும் தேடியதாகத் தெரியவில்லை. ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றினேன். இடது கைச் சுண்டுவிரலில் பாதி அங்கே ஏதோ ஒரு ஊரில் குழாய் இறக்கும்போது போய்விட்டது. பிறகு செங்கல் சூளை, பிறகு திருப்பூர், பிறகு ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்குக் கம்பம் நடும் வேலை. ஒரு இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் காலில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கும். கிளம்பிவிடுவேன். கஷ்டப்பட்டேனா என்று கேட்டால், பட்டிருப்பேன். அப்போது அதற்குப் பெயர் கஷ்டம் என்று தெரியாது.

அப்படிச் சுற்றித்தான் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். ஏலச் செடிக்கு நிழல் வேண்டும். ஆனால் நிழல் அதிகமானால் காய் பிடிக்காது. அதனால் மழைக்கு முன்னால் பெரிய மரங்களில் ஏறிக் கிளைகளைக் கழிக்க வேண்டும். அந்த வேலையில் சில வருடம் இருந்தேன். நான் அதிக நாள் இருந்த வேலை அது ஒன்றுதான்.

அந்த வேலையில் கயிறு உண்டு. ஆனால் அது வெட்டும்போது மட்டும்தான். கிளையில் கால் ஊன்றி நின்று, இடுப்பைத் தண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வெட்டுவோம். அடுத்த கிளைக்குப் போகும்போது கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். கயிற்றோடு நகர்ந்தால் அது எங்கேயாவது சிக்கி ஆளையே இழுத்துப் போட்டுவிடும். வெட்டும்போது கட்டு, நகரும்போது அவிழ். யாரும் யோசித்துச் செய்வதில்லை. உடம்பே செய்துகொள்ளும்.

இன்னொரு வழக்கமும் எங்கள் கூட்டத்தில் இருந்தது. மேலே ஏறுகிறவன் தன் தலைத்துண்டைக் கீழே நிற்பவர் தோளில் போட்டுவிட்டுத்தான் ஏறுவான். அவன் இறங்கி வந்து அதை எடுக்கிற வரைக்கும், மழை பெய்தாலும் டீ வந்தாலும், அவர் அந்த மரத்தடியை விட்டு நகரக் கூடாது. எனக்கு அப்படி நின்றவர்தான் பின்னால் எனக்கு மாமனார் ஆனார். அதனால் என் வீட்டுக்காரிக்கு இந்தத் துண்டு விஷயம் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். இப்போது எருத்தேன்பதியில் தேங்காய் லோடு அடிக்கிற ஒரு பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். வண்டி ஓடிக்கொண்டே இருப்பதால் என் காலும் சும்மா இருக்கிறது. ஒரே மகள், அப்போது ஆறாம் வகுப்பு. அவளுக்கு அந்தப் பூங்காவை போனில் காட்டியது வண்டன்மேட்டில் இருக்கிற என் மச்சானுடைய பிள்ளைகள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

லீவு விட்டதும் மூன்று பேரும் பிக்கப்பின் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து கிளம்பினோம். கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் தமிழ்நாடு. பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று நாள் முழுக்க ஓட்டி, கம்பம்மெட்டு ஏறினால் மறுபடி கேரளா. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக எங்களுக்கு இதுதான் வழி. ராத்திரி மச்சான் வீட்டில் தங்கினோம். அவர் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் வேலை செய்கிறார். காலையில் கிளம்பும்போது நல்ல பருமனான பச்சை ஏலக்காய் ஒரு பொட்டலம் கொடுத்தார். அடுத்த மாதம் என் தங்கை வீட்டு விசேஷத்துக்கு அது. கூடவே அவருடைய ஷூவையும் கொடுத்தார். பூங்காவில் செருப்போடு ஏற விடமாட்டார்களாம். அவர் கால் என் காலைவிட ஒரு விரல் நீளம்.

பூங்காவில் எங்களுக்கு பெல்ட் மாட்டிவிட்டது முப்பது வயதிருக்கும் ஒரு பெண். எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இடுப்பிலும் தொடையிலும் தோளிலும் பட்டைகள், தலைக்கு ஹெல்மெட், கைக்கு உறை. பெல்ட்டிலிருந்து இரண்டு வார்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கொக்கி.

“ஒன்னு கழட்டுனா இன்னொன்னு கம்பியில மாட்டியிருக்கணும். அத அந்தப் பக்கம் மாட்டிட்டு அப்புறம் இத. ரெண்டையும் ஒன்னாக் கழட்டக் கூடாது. விளங்குச்சா அண்ணே?” என்றார்.

“விளங்குச்சுங்க. நான் இந்த மலையிலயே மரம் ஏறுனவன்தான்,” என்றேன்.

“அப்ப உங்களுக்குத்தான் ரெண்டு தடவ சொல்லணும்,” என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே இரண்டாம் தடவையும் சொன்னார். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்காரி ஏற வரவில்லை. “நா பாக்காத மரமா? மேல ஏறுனவுகளையும் பாத்துட்டேன், விழுந்தவுகளையும் பாத்துட்டேன். நீங்க போய்ட்டு வாங்க. நா இங்கனயே நிக்கேன்,” என்றாள். அவளுடைய சித்தப்பா அப்படி விழுந்தவர். பிழைத்தார், ஆனால் பிறகு நடக்கவில்லை.

ஏணியில் கால் வைக்கும் முன், என் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து அவள் தோளில் போட்டேன். விளையாட்டுக்குப் பாதி, பழக்கத்துக்குப் பாதி.

“இங்கனயுமா?” என்றாள். ஆனால் துண்டைச் சரி செய்து போட்டுக்கொண்டாள்.

மேலே போனதும் எனக்குப் பழைய உடம்பு திரும்பி வந்த மாதிரி இருந்தது. மழை வாசனை, மரப்பட்டை வாசனை, கீழே தெரிகிற ஏலச் செடிகள். மகள் முன்னால், நான் பின்னால். அவள் ஒவ்வொரு கொக்கியாகச் சரியாக மாட்டி மாட்டிப் போனாள். மாட்டும்போது நாக்கை வெளியே நீட்டிக்கொள்வாள், பரீட்சை எழுதுகிற மாதிரி. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு பலகை மேடை. தலைக்கு மேலே தண்டைச் சுற்றி ஒரு கம்பி வளையம், கொக்கி மாட்ட. அங்கிருந்து அடுத்த மரத்துக்குப் பாலம். நான்கைந்து மரம் தாண்டியிருப்போம்.

அந்த மரத்தில்தான் அவர் நின்றார்.

ஐம்பது வயதிருக்கும். பெரிய உடம்பு. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப் பிடித்து, கன்னத்தைப் பட்டையில் ஒட்டிவைத்துக்கொண்டு நின்றிருந்தார். ரொம்ப நேரமாக அப்படியே நிற்கிறார் போலிருக்கிறது. கூட வந்த உறவுக்காரர்கள் எல்லாம் முன்னால் போய், இறங்கி, கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மாமா, மரத்துக்கு முத்தம் குடுத்தது போதும், எறங்கி வாங்க. அத்தை கோவிச்சுக்கப் போகுது.”

“ஏனுங் மாமா, ராத்திரிச் சோத்த மேலயே கட்டித் தூக்கி உட்டறதா?”

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். என் மகள், “மாமா, கொஞ்சம் தலையக் குனிங்க,” என்று கேட்டு, அவர் கைக்கு அடியில் புகுந்து, கொக்கிகளை ஒவ்வொன்றாக அவர் தலைக்கு மேல் மாற்றி, பாலத்தில் ஏறிப் போய்விட்டாள். பாலத்தில் ஒரு சமயம் ஒரு ஆள்தான் போகலாம். நான் மேடையில் காத்திருந்தேன். சும்மா இருக்க முடியாமல் நானும் ஒரு வார்த்தை விட்டேன்.

“அண்ணா, மரம் எங்கீம் போயிராதுங்க. நீங்க உட்டாலும் அது நிக்கும்.”

“தெரியுங்க,” என்றார், கண்ணைத் திறக்காமல். “நான் நிக்கோணுமுல்லங்க.”

பேச்சைக் கேட்டதும் நம் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது.

மகள் அந்தப் பக்கத்து மரத்தில் போய் நின்றதைப் பார்த்தேன். அப்போதுதான் மஞ்சு இறங்கியது. மலையில் மூடுபனிக்கு அதுதான் பேர். அது வருகிறது என்று சொல்ல முடியாது. இருந்தது காணாமல் போகும், அவ்வளவுதான். பாலத்தில் பாதி காணோம். பிறகு பாலமே காணோம். மகள் நின்ற மரம் காணோம். கூடவே ஒரு தூறல். ஆரம்ப மரத்துப் பக்கமிருந்து விசில் சத்தம் வந்தது. அந்தப் பெண்ணின் குரல்: “எல்லாரும் நிக்கிற எடத்துல நில்லுங்க. யாரும் அசையாதீங்க. நா வாரேன்.”

சரி, நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது மஞ்சுக்குள்ளிருந்து மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, ஒரு கொக்கி மாட்ட மாட்டீங்குது.”

“சரி சாமி, நில்லு. அவங்க வருவாங்க.”

“வாய் தொறக்கவே மாட்டீங்குதுப்பா. கழட்டி மாத்தட்டா?”

எதைக் கழட்டப் போகிறாள்? மாட்டியிருக்கிற அந்த ஒன்றையா? அவள் நிற்பது மூன்று மாடி உயரம். அவளுக்குப் பதினொரு வயது. “கழட்டாத” என்று கத்தினேன். மழையும் காற்றும் இலைகளில் இரைந்துகொண்டிருந்தன. பதில் இல்லை.

அவளிடம் போக வேண்டும் என்பது ஒன்றுதான் என் மண்டையில் இருந்தது. வழியில் அவர் நிற்கிறார். வளையத்தில் அவருடைய இரண்டு கொக்கிகளும் தொங்குகின்றன. என் கொக்கியை அவருடையதைத் தாண்டி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. கை தானாக மேலே போனது. ஒன்றைக் கழற்றியது. இன்னொன்றையும் கழற்றியது. நகரும்போது அவிழ். எத்தனையோ மரத்தில், எத்தனையோ தடவை செய்தது. மகள் ஒரு கொக்கியைக் கழற்றிவிடக் கூடாதே என்று ஓடுகிறவன் என்னுடைய இரண்டையும் கழற்றியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவே இல்லை.

மேடையின் வெளி ஓரத்தில் கால் வைத்து, பட்டையில் ஒரு கை ஊன்றி, அவரைச் சுற்றி வந்தேன். வெறுங்காலாக இருந்திருந்தால் பலகையைக் கட்டைவிரல் பிடித்திருக்கும். என் காலில் இருந்தது மச்சானுடைய ஷூ.

“ஏனுங்க,” என்றார் அவர், என் காதுக்குப் பக்கத்தில். “உங்க கொக்கி ரெண்டும் சும்மா தொங்குதுங்க.”

அது எனக்குப் புரிவதற்குள் கால் வழுக்கிவிட்டது.

விழுவது எப்படி இருக்கும் என்று மரம் ஏறுகிறவர்கள் பேசிக்கொள்வது உண்டு. அப்படி எதுவும் இல்லை. நெஞ்சு பலகை விளிம்பில் இடித்தது. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கை உறை ஈரப் பலகையில் வழுக்கிக்கொண்டே போனது. பிறகு நின்றது. தோளில் என்னவோ இறுகிப் பிடித்தது.

அவர் கை. என் தோள் பட்டையை முஷ்டிக்குள் சுருட்டிப் பிடித்திருந்தார். இன்னொரு கை மரத்தைச் சுற்றி இருந்தது. உறவுக்காரர்கள் அத்தனை பேர் கூப்பிட்டும் மரத்தை விடாத ஆள், ஒரு கையை விட்டிருந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கண் மட்டும் நன்றாகத் திறந்திருந்தது.

“ஆட்டாதீங்க,” என்றார். “ஏறாதீங்க. மொதல்ல கொக்கிய மாட்டுங்க. அப்பறம் ஏறிக்கலாம்.”

மேடைக்கு அடியில் பலகையைத் தாங்குகிற ஒரு கம்பி ஓடியது. அதில் ஒன்றை மாட்டினேன்.

“மாட்டிட்டேங்க.”

“இழுத்துக் காட்டுங்க.”

இழுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் என்னை மேலே தூக்கினார். தூக்கினார் என்றால் நிஜமாகவே தூக்கினார், ஒரு கையால், ஒரு மூட்டையை இழுத்துப் போடுகிற மாதிரி. முழங்கால் பலகைக்கு வந்ததும் வளையத்தில் இன்னொரு கொக்கியை மாட்டச் சொன்னார். அதையும் இழுத்துக் காட்டினேன். கீழே மாட்டியதைக் கழற்றி மேலே மாட்டியதும் பெரிய மூச்சு விட்டார். என் பட்டையை விட்டார். திரும்பவும் இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்பா, என்ன சத்தம்?” மகள்.

நான் இடித்த நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் பதில் சொன்னார்.

“ஒன்னுமில்ல கண்ணு. உங்கப்பனுக்குக் கொஞ்சம் வழுக்கிருச்சு. நீ எதையும் கழட்டாத. ஒரு கொக்கி மாட்டித்தான இருக்குது?”

“ஆமாங் மாமா.”

“அது போதும். அதையத் தொடாத. நான் எப்படி நின்னேன்னு பாத்தீல்ல? மரத்தக் கட்டிப் புடிச்சுக்க. என்னையாட்டவே.”

பிறகு, “கன்னத்தையும் ஒட்ட வெச்சுக்கோணுமா?” என்று கேட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது.

“அதான் முக்கியம்,” என்றார் அவர், ரொம்பப் பொறுப்பாக.

மஞ்சு விலகும் வரை அப்படியே நின்றோம். நானும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மரத்தின் மேல் எனக்குப் பயம் வந்தது. ஒரே மரத்தில் எதிரெதிராக இரண்டு ஆண்பிள்ளைகள், கன்னத்தை ஒட்டிக்கொண்டு, முகத்துக்கு முகம் ஒரு முழத்தில்.

பேசிக்கொண்டிருந்தோம். பேசினால்தான் கால் நிற்கிறது. அவருக்குப் பொள்ளாச்சிப் பக்கம், கோபாலபுரத்திலிருந்து தூரமில்லை. மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். மாட்டுத் தீவன மூட்டை தூக்கிப் பழகிய கை அது. நான் வாரத்தில் இரண்டு மூன்று தடவை அந்த வழியாக லோடு கொண்டு போகிறவன். அவர் கடை வாசலையே எத்தனை தடவை தாண்டியிருப்பேனோ.

“உங்களுக்கு எப்பவுமே உசரம்னா பயமுங்களா?” என்று கேட்டேன்.

“ஊட்டு மேல தண்ணித் தொட்டி கழுவறதுக்கே ஆள் உட்டுத்தானுங்க கழுவறது.”

“பின்ன ஏனுங்க ஏறுனீங்க?”

“மச்சினமாருக எல்லாம் ஏறறாங்க. பொண்ணு கீழ நின்னு பாக்குது. வேண்டாம்னு சொல்றதுக்குப் பயமா இருந்துச்சுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலித்தது.

“என் கொக்கிய எப்படிங்க பாத்தீங்க? கண்ண மூடீட்டுத்தான நின்னீங்க?”

“மூடி மூடித் தொறக்கறதுதானுங்க. தொறந்தா கொக்கியத்தான் பாப்பேன். கீழ பாத்தா தல சுத்துது. எதுக்கால பாத்தா பாலம் ஆடுது. அது ஒன்னுதான் ஆடாம இருந்துச்சு. என்னுதையும் பாத்தேன், உங்களதையும் பாத்தேன். பாப்பா மாட்டீட்டுப் போனதையும் பாத்தேன். நல்லா மாட்டுதுங்க பாப்பா.”

மழை நின்றது. மரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்தப் பக்கத்து மேடையில் என் மகள் மரத்தைக் கட்டிப் பிடித்து, ஹெல்மெட் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, கன்னத்தை ஒட்டிவைத்து நின்றிருந்தாள். அந்தக் காட்சியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

விசில் கேட்டது. நகரலாம் என்று அந்தப் பெண் தூரத்திலிருந்து கை காட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்,” என்றார். “ஒவ்வொன்னையும் சொல்லிப் போட்டுக் கழட்டுங்க.”

“ஒன்னு கழட்டறேங்க.”

“கழட்டுங்க.”

“மாட்டிட்டேங்க.”

“இழுங்க. செரி. அடுத்தது.”

அவர் தலைக்கு மேலாக, அவர் கொக்கிகளைத் தாண்டி, ஒவ்வொன்றாக மாற்றினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான் வேலை. அதற்குத்தான் எனக்குப் பொறுமை இல்லாமல் போயிருந்தது.

மகளுடைய கொக்கியின் வாயில் கை உறையின் நூல் ஒன்று சுற்றிச் சிக்கியிருந்தது. இழுத்ததும் வந்துவிட்டது. நான் மாட்டிக் கொடுக்கும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள்:

“மாட்டியிருந்ததையும் கழட்டிட்டு மொதல்ல இருந்து மாட்டலாம்னு பாத்தேன்ப்பா. அந்த மாமாதான் எதையும் தொடாதன்னாங்க.”

நான் அவள் ஹெல்மெட்டை நிமிர்த்திவிட்டேன்.

பிறகு அவர் வந்தார். இந்தப் பக்கம் நின்று நான் அவருக்குச் சொல்ல, அவர் எனக்குத் திருப்பிச் சொல்ல, கொக்கி கொக்கியாக மாட்டி, பாலத்தில் ஒவ்வொரு பலகையாக, நடுவில் ஒரு தடவை நின்று, சாமி பேர் எதையோ சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார். மேடைக்கு வந்ததும் மரத்தைக் கட்டிக்கொண்டார். என் மகளும் பக்கத்தில் போய்க் கட்டிக்கொண்டாள். அதற்குள் அந்தப் பூங்காப் பெண்ணும் வந்துவிட்டார். ஈரமாக இருப்பதால் கடைசிக் கம்பியில் சறுக்குவது இனி கிடையாது, இந்த மரத்தில் ஏணி இருக்கிறது, இறங்கிவிடலாம் என்றார். மகளுக்கு வருத்தம். எங்கள் இரண்டு பேருக்கும் அதைவிட நல்ல செய்தி அன்றைக்கு வேறு இல்லை.

நான் ஏணியில் கால் வைக்கும் முன் அந்தப் பெண்ணிடம், நான் செய்த தப்பைச் சொன்னேன்.

“மூணாவது தடவையும் சொல்லியிருக்கணும்,” என்றார். திட்டவில்லை. என் நெஞ்சையும் விலாவையும் அழுத்திப் பார்த்து, கீழே போய் மருந்து போடச் சொன்னார்.

இரண்டு பேரும் ஏணியில் இறங்கித் தரைக்கு வந்ததும் மறுபடியும் உறவுக்காரர்களின் சத்தம். “மாமா வந்துட்டாரு, மாமா வந்துட்டாரு. யாராவது ஆரத்தி எடுங்க.” எனக்குக் கோபம் வந்தது. எல்லோரையும் நிறுத்தி வைத்து, மேலே நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

“வேண்டாமுங்க,” என்றார் மெதுவாக. “சொன்னீங்கன்னா தைரியசாலின்னு நெனச்சுட்டு அடுத்த வருசம் இன்னும் உசரமா எங்கியாவது கூட்டீட்டுப் போயிருவாங்க. இப்படியே இருந்துட்டுப் போவுது.”

அவர் போய்ச் சேர்ந்ததும் மச்சினன்கள் சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் அவரைக் கட்டிப் பிடித்து, மரத்தைப் பிடிக்கிற மாதிரி கன்னத்தை ஒட்டிவைத்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவருடைய வலது கையில் இரண்டு நகம் கிழிந்து ரத்தம் கட்டியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரி நான் ஏறிய மரத்தடியிலேயே நின்றிருந்தாள். எல்லோரும் மழைக்கு ஷெட்டில் ஒதுங்கியபோதும் அவள் நகரவில்லை. தலை, சேலை, தோளில் என் துண்டு, எல்லாம் நனைந்திருந்தது.

“ஒதுங்கி நின்னா என்ன?” என்றேன்.

“துண்டப் போட்டுட்டுப் போயிட்டீக. எங்கிட்டுப் போறது?” என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “என்ன, மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கெடக்கு?”

மகள் முன்னால் பேச வேண்டாம் என்று அவளை ஐஸ்கிரீம் கடைக்கு அனுப்பினேன். பிறகு அவரை தூரத்திலிருந்து காட்டிச் சொன்னேன். நீளமாகச் சொல்ல வரவில்லை. “அந்த மனுசன் இல்லீன்னா, இந்தத் துண்ட உன் தோள்ல இருந்து எடுக்க நான் வந்திருக்க மாட்டேன்,” என்றேன்.

அவள் சித்தப்பா விழுந்ததைப் பார்த்தவள். அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வண்டிக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் அந்த ஏலக்காய்ப் பொட்டலம்.

“தங்கச்சி விசேசத்துக்கு...” என்று இழுத்தேன்.

“அவுகளுக்குக் கடையில வாங்கிக்கிடலாம்,” என்றாள்.

அவர்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இவள் நேராக அவரிடம் போய், “அண்ணே, இத வீட்டுக்குக் கொண்டு போங்க,” என்று இரண்டு கையாலும் நீட்டினாள். அவருடைய மனைவி ஒன்றும் புரியாமல் பார்த்தார். அவர் இவளுடைய முகத்தைப் பார்த்தார், ஈரத் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை. கிழிந்த நகத்தோடு இருந்த கையைப் பையிலிருந்து எடுத்து வாங்கிக்கொண்டார்.

“யாருங்க இவங்க?” என்று அவர் மனைவி கேட்டது என் காதில் விழுந்தது.

“நம்ம பக்கத்துக்காரங்க,” என்றார். “மேல ஒரு மரத்துல நின்னோம்.”

வேன் போய்விட்டது. அப்புறம்தான் என் துண்டை அவள் தோளிலிருந்து எடுத்தேன். பிழிந்தேன். அவ்வளவு தண்ணீர் அதில் இருந்தது.

இப்போதும் அவர் கடை வழியாகத்தான் லோடு போகிறது. கல்லாவில் உட்கார்ந்திருந்தால் ஒரு ஹாரன் அடிப்பேன். அவர் தலையை நிமிர்த்தாமல், இரண்டு கையையும் வளைத்து மரத்தைக் கட்டிப் பிடிக்கிற மாதிரி காட்டுவார். கடைப் பையனுக்கு எங்களுக்குள் என்ன என்று தெரியாது. அவருடைய உறவுக்காரர்களுக்கு இன்றுவரை தெரியாது. அவர் கேட்டுக்கொண்டபடி பேரைச் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். இதைப் படித்து யாராவது கண்டுபிடித்து அவரை இன்னும் உயரமான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் நான் பொறுப்பில்லை.

பயப்படுகிறவனால் ஆபத்து என்றுதான் நாங்கள் மரத்தில் சொல்லிக்கொள்வோம். அன்றைக்கு அந்த மலையில் நடந்த ஒரே ஆபத்து பயப்படாத என்னால் வந்தது. இப்போதெல்லாம் உயரமான எதில் ஏறினாலும், லோடு மேல் தார்ப்பாய் கட்ட ஏறினால்கூட, பக்கத்தில் பயந்த ஆள் யாராவது நிற்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். இருந்தால், என் துண்டை அவர் தோளில்தான் போடுகிறேன்.